மெசினுக்கு வீட்டில் எண்ணெய்: மிச்சம் விலையில் இல்லை, ஒழுங்கில்

பெரும்போக வேளாண்மை வெட்டும் காலத்தில் காலை ஆறரை மணிக்கு எங்கள் பகுதி ஷெட் ஒன்றுக்கு முன்னால் போய் நின்று பாருங்கள். பத்துப் பன்னிரண்டு உழவு இயந்திரங்கள் வரிசையாக நிற்கும். டிரைவர்மார் தேநீர்க் கடையில் இருப்பார்கள். வயலில் முல்லைக்காரன் காத்துக்கொண்டிருப்பான். வெட்டிய நெல்லை ஏற்ற வேண்டிய பெட்டி வெறுமையாக ஷெட் வாசலில் நிற்கும். சொந்தக்காரரோ கடையில் கல்லாவுக்கு முன்னால் இருந்துகொண்டு, மெசின் வயலில் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

நம்மவர்களில் கணிசமானோர் இப்படித்தான் உழவு இயந்திரம் வைத்திருக்கிறோம். ஒருவருக்கு ஹாட்வெயார் கடை, இன்னொருவருக்கு நெல் வியாபாரம், மற்றவருக்கு அரிசி ஆலை. கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் ஒரு மெசினை வாங்கி உழவுக்கும் ஏற்றிறக்கத்துக்கும் கூலிக்கு விடுகிறோம். கடையில் ஒரு மூடை சீமெந்து குறைந்தால் அன்றிரவே கண்டுபிடிக்கிற நாம், மெசினுக்குப் போட்ட எண்ணெய் எங்கே போனது என்று கேட்பதில்லை. “ஷெட்டில் அடித்தோம், வயலில் ஓடியது” என்பதோடு கணக்கு முடிந்துவிடுகிறது.

கடந்த சில பருவங்களாக நான் என்னுடைய மெசினுக்கு வீட்டிலேயே எண்ணெய் அடிக்கிறேன். இது பற்றிப் பலரும் கேட்கிறார்கள். “காக்கா, மிச்சம் இருக்கிறதா?” என்பதுதான் முதல் கேள்வி. இருக்கிறது. ஆனால் நீங்கள் நினைக்கும் இடத்தில் இல்லை. ஒரு லீற்றருக்கு ஒரு ரூபா கூட விலை குறையாது. ஷெட் விலைக்குத்தான் நாமும் வாங்குகிறோம். மிச்சம் நேரத்தில் இருக்கிறது, சுத்தத்தில் இருக்கிறது, கணக்கில் இருக்கிறது. இந்த மூன்றையும் கவனிக்காமல் ஒரு பரலை வாங்கி வீட்டு மூலையில் உருட்டி வைப்பவருக்கு மிச்சமும் வராது, நிம்மதியும் இராது.

முதலில் கணக்கைப் பார்ப்போம்

45, 50 குதிரைவலுக் கொண்ட சாதாரண உழவு இயந்திரத்தின் தாங்கி ஏறத்தாழ 45 லீற்றர் பிடிக்கும். உழவு வேலையில் மணித்தியாலத்துக்கு ஐந்து, ஆறு லீற்றர் எரியும். அதாவது ஒரு தாங்கி ஒரு நாள் வேலைக்குச் சரி. வேலைக்காலத்தில் தினமும் ஷெட்டுக்குப் போயாக வேண்டும் என்பதே இதன் பொருள்.

என்னுடைய மெசின் நிற்கும் இடத்திலிருந்து ஷெட் 9 கிலோமீற்றர். போய்வர 18 கிலோமீற்றர். உழவு இயந்திரத்தின் வேகத்தில் போக வர ஒரு மணித்தியாலம் ஆகும். வழியில் நான்கு, ஐந்து லீற்றர் எரிந்துவிடும். 45 லீற்றர் கொண்டுவரப் போய் அதில் பத்தில் ஒரு பங்கை வழியிலேயே தொலைக்கிறோம். இப்படி இருபது நாள் ஓடினால் 80 லீற்றருக்கு மேல் எண்ணெயும், 20 மணித்தியால உழவுக் கூலியும் போய்விடும். டயர் தேய்மானம் வேறு. வயலுக்கென்று செய்த டயர் தார் ரோட்டில் ஓடினால் எப்படித் தேயும் என்பது டயர் மாற்றியவருக்குத் தெரியும். வரிசையில் நிற்கும் நேரத்தை இதில் நான் சேர்க்கவே இல்லை.

அதே எண்ணெயைக் கடைக்குச் சாமான் ஏற்றப் போகும் சிறிய லொறி திரும்பி வரும்போது கொண்டுவந்தால் தனிச் செலவு இல்லை. ஆகவே கணக்கு என்பது தூரத்தைப் பொறுத்தது. ஷெட்டுக்குப் பக்கத்தில், ஒன்று இரண்டு கிலோமீற்றருக்குள் இருப்பவர்கள் இந்தக் கட்டுரையை வாசித்துவிட்டு ஷெட்டிலேயே அடித்துக்கொள்ளலாம். வீட்டோடு வீடு ஒட்டிய ஊருக்குள் ஐந்து பேர்ச்சஸ் காணியில் இருப்பவர்களுக்கும் இது வேண்டாம். அவர்களுக்கு இடமும் இல்லை, அயலவருக்குப் பாதுகாப்பும் இல்லை. இரு சில்லு உழவு இயந்திரம் வைத்திருப்பவருக்குப் பரல் தேவையில்லை. அதன் தாங்கி 10 லீற்றர் அளவில்தான். நல்ல 20 லீற்றர் கேன் ஒன்றே போதும்.

எதில் கொண்டுவருவது, எதில் வைப்பது

இங்கேதான் எங்கள் ஆட்கள் அதிகம் தவறு விடுகிறார்கள். வயலுக்கு அடித்த மருந்து வந்த கேனைக் கழுவிவிட்டு அதில் டீசல் கொண்டுவருகிறார்கள். தண்ணீர்க் கேன், பெயின்ற் வாளி, சோடாப் போத்தல் என்று கையில் அகப்பட்டதெல்லாம் எண்ணெய்ப் பாத்திரமாகிவிடுகிறது. மருந்துக் கேன் எத்தனை தடவை கழுவினாலும் முழுவதும் சுத்தமாகாது. சோடாப் போத்தலில் வைப்பது அதைவிட மோசம். தாகத்தோடு ஓடிவரும் பிள்ளைக்குப் போத்தலின் உருவம்தான் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது.

எரிபொருளுக்கென்றே செய்த, இறுக்கமான மூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் கேனோ இரும்புக் கேனோ வாங்குங்கள். டீசலுக்கு ஒன்று, மோட்டார் சைக்கிளுக்கும் புல்வெட்டும் மெசினுக்கும் வேண்டிய பெற்றோலுக்கு வேறொன்று. இரண்டுக்கும் இரண்டு நிறம். பெரிய எழுத்தில் பெயரும் எழுதுங்கள். டீசலும் பெற்றோலும் ஒரே குணமுள்ளவை அல்ல. டீசலைத் தீப்பிடிக்க வைக்க வெப்பம் வேண்டும். பெற்றோலின் ஆவி சாதாரண வெப்பநிலையிலேயே தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். நான் வீட்டில் வைக்கச் சொல்வது டீசலை மட்டும்தான். பெற்றோலைப் பரலில் வைப்பவருக்கு என்னிடம் ஆலோசனை இல்லை, எச்சரிக்கை மட்டும்தான் உண்டு.

பரல் வாங்கும்போது என்ஜின் ஒயில் வந்த இரும்புப் பரலாகப் பார்த்து வாங்குங்கள். இரசாயனம் வந்த பரல் வேண்டாம். நாகம் பூசிய தகரத் தாங்கியும் வேண்டாம். நாகமும் செம்பும் டீசலோடு நெடுநாள் இருந்தால் எண்ணெயைக் கெடுக்கும், பில்டரை அடைக்கும். ஹாட்வெயார் கடைக்காரனாகிய நான் நாகம் பூசிய சாமான்களை விற்கிறவன்தான். இருந்தும் சொல்கிறேன், இதற்கு அது உதவாது.

20 லீற்றர் டீசல் ஏறத்தாழ 17 கிலோ இருக்கும். நிரம்பிய பரல் 190 கிலோவைத் தாண்டும். ஆகவே பரலை ஓரிடத்தில் நிலையாக வைத்துவிட்டு, கேனில் கொண்டுவந்து அதில் ஊற்றுவதே எங்களுக்குத் தோது. ஷெட்டில் கேனை நிரப்பும்போது லொறிப் பெட்டிக்குள்ளோ மோட்டார் சைக்கிளிலோ வைத்து நிரப்பாமல் நிலத்தில் இறக்கி வைத்து நிரப்பச் சொல்லுங்கள். விளிம்புவரை நிரப்பவும் வேண்டாம். வெயிலில் எண்ணெய் விரியும். 200 லீற்றரில் 15 பாகை வெப்பம் கூடினால் இரண்டரை லீற்றர் அளவு கூடிவிடும். இடம் விடாவிட்டால் அது மூடியால் கசியும்.

பரல் வைக்கும் இடம் நிழலாக இருக்க வேண்டும். குசினிக்கும் நெருப்புக்கும் தூரமாக, வைக்கோலும் விறகும் இல்லாத இடமாக இருக்க வேண்டும். கீழே சீமெந்துத் தளம் போட்டு, சுற்றிவர அரை அடி உயரத்துக்குக் கட்டுக் கட்டுங்கள். எண்ணெய் கசிந்தால் அது கட்டுக்குள் நிற்கும். எங்கள் கரையோரப் பகுதியில் மணல் நிலம். கிணற்று நீர் பத்து அடியில் இருக்கிறது. ஒரு பரல் எண்ணெய் மணலில் இறங்கினால் உங்கள் கிணறு மட்டுமல்ல, அயலவர் கிணறும் குடிக்க உதவாது. அதற்கு யார் பதில் சொல்வது?

நெல், அரிசி வியாபாரிகளுக்கு இன்னொரு வார்த்தை. களஞ்சிய அறையில் இடம் இருக்கிறது என்று பரலை அங்கே வைத்துவிடாதீர்கள். அரிசியும் மாவும் வாடையை இழுக்கும். டீசல் வாடை ஏறிய அரிசியை எந்த விலைக்கும் வாங்க ஆள் வராது.

பக்கத்தில் இரண்டு வாளி மணலும், முடிந்தால் உலர் தூள் தீயணைப்பான் ஒன்றும் இருக்கட்டும். எண்ணெய்த் தீக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. தண்ணீர் கீழே இறங்கும், எண்ணெய் மேலே மிதந்து நெருப்போடு பரவும்.

தாங்கிக்கு ஏற்றும் வழிகள்

பரலிலிருந்து மெசினுக்கு ஏற்றுவதற்கு எங்கள் ஊர்களில் நான்கைந்து வழிகள் இருக்கின்றன.

முதலாவது, ரப்பர் குழாயை விட்டு வாயால் உறிஞ்சி இழுப்பது. காசு செலவில்லாத வழி என்று நினைக்கிறோம். உண்மையில் இதுதான் விலை கூடியது. ஒரு மிடறு டீசல் தொண்டைக்குப் போய், இருமலில் அது நுரையீரலுக்குள் இறங்கினால் கடுமையான நியூமோனியா வரும். அப்படி யாராவது விழுங்கிவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தி எடுக்கும்போதுதான் அது நுரையீரலுக்குள் போகும். நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இந்த முறையை உங்கள் டிரைவர் செய்தால் தடுக்க வேண்டியது நீங்கள். உங்கள் மெசினுக்காகத்தானே அவன் வாயை வைக்கிறான்!

இரண்டாவது, கேனைத் தூக்கிப் புனலால் ஊற்றுவது. அவசரத்துக்குச் சரி. ஆனால் பெரும்பாலான மெசின்களில் தாங்கியின் வாய் நெஞ்சுக்கு மேலே இருக்கிறது. 17 கிலோவை அந்த உயரத்துக்குத் தூக்கிப் பிடித்து ஊற்றும்போது கை நடுங்கும், எண்ணெய் சிந்தும். ஓடி நின்ற மெசினின் சூடான புகைக்குழாயில் டீசல் பட்டால் தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளக் கூடும். இந்த வழியைப் பாவிப்பவர் கேனில் பத்து லீற்றர் மட்டும் எடுத்து, மெசினை நிறுத்தி, சூடு ஆறிய பிறகு ஊற்ற வேண்டும்.

மூன்றாவது, உயரமான மேடையில் பரலைப் படுக்க வைத்துக் குழாயும் திறப்பும் பூட்டுவது. பார்க்க நன்றாக இருக்கும், தானாக இறங்கும். ஆனால் 190 கிலோவை ஆறடி உயரத்தில் தாங்க உறுதியான மேடை வேண்டும். பரலை மேலே வைத்து நிரப்பவும் ஒரு பம்ப் வேண்டும். திறப்பு கொஞ்சம் கசிந்தாலும் இரவோடிரவாக முழுப் பரலும் நிலத்தில்தான். பத்து மெசின் வைத்திருப்பவருக்குச் சரி. எங்களுக்கு வேண்டாம்.

நான்காவது, பரலின் வாயில் பூட்டிக் கையால் சுற்றும் பம்ப். நான் பாவிப்பது இதுதான். சுற்றச் சுற்ற எண்ணெய் வரும், நிறுத்தினால் நின்றுவிடும். மின்சாரம் வேண்டாம். 45 லீற்றர் ஏற்ற ஐந்து நிமிடம் போதும். பையன் ஒருவன் சுற்றலாம். இதன் விலை ஒரு நாள் உழவுக் கூலியில் அடங்கிவிடும். மொத்தத்தில் ஒன்று, இரண்டு மெசின் வைத்திருப்பவருக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை.

ஐந்தாவது, மெசின் பற்றரியில் ஓடும் 12 வோல்ற் பம்ப். வேகம் கூடியது. வயலுக்கே பரலைக் கொண்டுபோய் அடிப்பவர்களுக்கு உதவும். ஆனால் டீசலுக்கென்று செய்த பம்பைப் பெற்றோலுக்கு ஒருபோதும் பாவிக்கக் கூடாது. பற்றரிக் கம்பியைக் கையால் தொட்டுத் தொட்டு இயக்காமல் சுவிட்ச் பூட்டிப் பாவிக்க வேண்டும்.

சுத்தம் என்பது நான் நட்டப்பட்டுக் கற்ற பாடம்

சில வருடங்களுக்கு முன் சிறுபோக வெட்டு நேரம். வீட்டில் ஒரு பரல் எண்ணெய் இருந்தது. மழைக்காலம் முழுவதும் பாதிப் பரலாக நின்ற எண்ணெய். மூடி சரியாக இறுகவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை. பரலின் அடியிலிருந்த எண்ணெயையும் மிச்சம் விடாமல் ஊற்றிவிட்டான் டிரைவர். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. “ஒரு சொட்டும் வீணாக்காதே” என்று சொன்னது நான்தான்.

இரண்டு நாளில் மெசின் இருமத் தொடங்கியது. மூன்றாம் நாள் வயலின் நடுவில் நின்றது. கராஜ் பாஸ் வந்து பில்டரைக் கழற்றிக் காட்டினார். கண்ணாடிக் கிண்ணத்தில் கால்வாசி தண்ணீர். பில்டரில் கறுப்பாக வழுவழுத்த பாசி போன்ற அழுக்கு. இன்ஜெக்டர் பம்ப் கழன்று கொழும்புக்குப் போய்வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் வேறு மெசின் பிடித்து நெல் ஏற்றிக் கொடுத்தேன். பம்புக்குக் கொடுத்த காசில் பல வருடத்துக்கு வேண்டிய பில்டர் வாங்கியிருக்கலாம்.

காரணம் எளியது. பாதி நிரம்பிய பரலில் மீதி இடத்தில் காற்று இருக்கிறது. பகலில் சூடாகி இரவில் குளிரும்போது அந்தக் காற்றிலுள்ள ஈரம் பரலின் சுவரில் தண்ணீராகப் படிந்து கீழே இறங்கும். தண்ணீர் டீசலைவிடப் பாரமானது, அடியில் தங்கும். தண்ணீரும் எண்ணெயும் சேரும் இடத்தில் நுண்ணுயிர் வளரும். அதுதான் அந்தப் பாசி. இன்ஜெக்டர் பம்பின் உள்பாகங்களுக்கு இடையிலுள்ள இடைவெளியோ தலைமயிரின் தடிப்பில் ஒரு சிறு பங்குதான். அங்கே தண்ணீரும் தூசும் போனால் என்ன நடக்கும்?

அதற்குப் பிறகு நான் கடைப்பிடிக்கும் ஒழுங்கு இதுதான்:

பரலில் புதிதாக எண்ணெய் ஊற்றினால் ஒரு நாள் அசையாமல் விடுவேன். தூசும் நீரும் அடியில் இறங்கட்டும். பம்பின் குழாய் அடியைத் தொடாமல் மூன்று அங்குலம் மேலே நிற்கும்படி வெட்டியிருக்கிறேன். அந்தக் கடைசி எண்ணெய் மெசினுக்குப் போகாது. பரலுக்கு ஒரு பக்கம் சிறு கட்டை வைத்துச் சரித்திருப்பதால் நீர் தாழ்ந்த பக்கத்தில் சேரும். போகம் முடிந்ததும் அதை வெளியே எடுத்து, கண்ணாடிப் போத்தலில் அரை மணித்தியாலம் வைத்துப் பார்ப்பேன். கீழே நீர் பிரிந்து நின்றால் பரலைக் கழுவிக் காயவைக்க வேண்டும்.

புனலில் சாரத் துண்டு போட்டு வடிகட்டும் பழக்கத்தை விட்டுவிட்டேன். துணியின் நூலே பில்டருக்குப் போகிறது. நுண்ணிய கம்பி வலையுள்ள புனல் கடையில் கிடைக்கிறது. மெசினின் தாங்கியைக் காலையில் அல்ல, மாலையில் வேலை முடிந்து சூடு ஆறிய பின் நிரப்புகிறோம். நிரம்பிய தாங்கியில் காற்றுக்கு இடமில்லை, ஆகவே இரவில் நீர் படிவதும் குறைவு. தாங்கி முற்றாக வற்றும்வரை ஓட விடுவதில்லை. வற்றினால் காற்றுப் புகுந்து, பின்பு திருகாணிகளைக் கழற்றிக் காற்றெடுக்க அரை நாள் போகும். எண்ணெயை ஒரு போகத்துக்கு மேல் வைத்திருப்பதும் இல்லை. முதலில் வந்தது முதலில் போக வேண்டும். இது நாங்கள் கடையில் செய்வதுதானே?

மண்ணெண்ணெய் கலப்பது பற்றியும் ஒரு வார்த்தை. மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவாக இருந்த காலத்தில் அதை டீசலோடு கலந்து ஓடியவர்கள் இருந்தார்கள். 2022 ஆகஸ்டில் அது 340 ரூபாவானதும் அந்த ஆசை குறைந்தது. விலை எப்படி இருந்தாலும் கலக்க வேண்டாம். பம்புக்கு வேண்டிய வழுவழுப்பு டீசலில்தான் இருக்கிறது.

கொப்பியும் ஒரு தடியும்

வீட்டில் எண்ணெய் வைப்பதால் வரும் பெரிய நன்மை எனக்குக் கொப்பியில்தான் தெரிந்தது. பழைய கணக்குக் கொப்பி ஒன்றில் ஐந்து நிரல் போட்டேன். திகதி, வந்த லீற்றர், மெசினுக்குப் போன லீற்றர், ஓடிய மணித்தியாலம், உழுத ஏக்கர். கடைசியில் டிரைவரின் கையெழுத்து.

பரலில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க மீற்றர் வேண்டாம். காய்ந்த தடியொன்றில் அங்குலக் கணக்கில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். நிமிர்ந்து நிற்கும் சாதாரண பெரிய பரலில் ஓர் அங்குலம் ஏறத்தாழ ஆறரை லீற்றர். ஐயமிருந்தால் அளந்த கேனால் ஒரு தடவை ஊற்றிக் குறித்துவிடுங்கள்.

மூன்று மாதம் எழுதிய பிறகுதான் ஒரு ஏக்கர் உழ என் மெசினுக்கு எவ்வளவு எண்ணெய் போகிறது என்று எனக்கே தெரிந்தது. அதற்கு முன் ஊரார் வாங்கும் கூலியை நானும் வாங்கினேன். இறுகிய நிலத்தில் உழுத நாட்களில் கைநட்டத்துக்கு ஓடியிருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது. திடீரென்று ஏக்கருக்கு எண்ணெய் கூடினால் ஒன்று மெசினில் குறை இருக்கும், அல்லது எண்ணெய் வேறெங்கோ போகிறது. கொப்பி இருந்தால் டிரைவரைச் சந்தேகிக்கவும் தேவையில்லை. நேர்மையான டிரைவருக்கு அது பாதுகாப்பும் கூட.

பதுக்கலுக்கும் சேமிப்புக்கும் இடையில்

கடைசியாக, சொல்லக் கொஞ்சம் தயக்கமான விடயம்.

2021 டிசம்பரில் 121 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் ஓட்டோ டீசல், 2022 ஜூன் கடைசியில் 460 ரூபாவுக்கு வந்ததை எவரும் மறந்திருக்க மாட்டோம். 460 கொடுக்கத் தயாராக இருந்தும் கிடைக்கவில்லை. நாட்கணக்கில் வரிசை. கேனில் அடிப்பதைத் தடுத்தார்கள். விவசாயிகளுக்குக் கமநல சேவை நிலையங்களின் ஊடாக டீசல் கொடுக்க ஏற்பாடு வந்தது. ஜூலையில் கியூ.ஆர். முறை அறிமுகமாகி, 2023 செப்டெம்பர் 1 ஆம் திகதிதான் நிறுத்தப்பட்டது.

அந்த ஜூனில் என் பரலில் 120 லீற்றர் இருந்தது. தட்டுப்பாட்டுக்கு முன்பே சிறுபோக வெட்டுக்கென்று வாங்கி வைத்தது. வெளியூரிலிருந்து ஒருவர் லொறியில் வந்தார். ஷெட் விலையில் இரண்டு மடங்கு தருகிறேன், முழுவதையும் தாருங்கள் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். உண்மையைச் சொன்னால் அன்றிரவு கல்குலேற்றரை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். மூன்று மாதம் மெசின் ஓடி வரும் இலாபம் ஒரே இரவில் வரும் போலிருந்தது. வியாபாரிக்கு அந்த ஆசை வராது என்று சொல்பவர் வியாபாரம் செய்யாதவர்.

மறுநாள் காலையில் பக்கத்து வயல்காரர் வந்து நின்றார். ஆறு ஏக்கர் வேளாண்மை பழுத்துச் சாய்ந்து கிடக்கிறது. வெட்டு மெசின்காரன் எண்ணெய் கொண்டுவந்தால் வெட்டித் தருகிறேன் என்கிறானாம். “காக்கா, எவ்வளவு என்றாலும் தருகிறேன்” என்றார். அந்த வார்த்தைதான் என்னை வெட்கப்பட வைத்தது. முதல் நாள் வந்த லொறிக்காரரும் ஏறத்தாழ அதையேதான் சொன்னார். ஆனால் இவர் சொன்னது வேறு மாதிரிக் கேட்டது.

அளந்து 40 லீற்றர் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. “எண்ணெய்க்கு எண்ணெய். கிடைக்கும்போது 40 லீற்றர் கொண்டுவந்து ஊற்றுங்கள்” என்றேன். கொப்பியில் எழுதிக் கையெழுத்தும் வாங்கினேன். இரண்டு மாதத்தின் பின் கேனோடு வந்து ஊற்றிவிட்டுப் போனார். லொறிக்காரருக்கு இல்லை என்று சொல்லியனுப்பினேன்.

இதை நான் நல்லவன் என்று காட்டுவதற்காகச் சொல்லவில்லை. கல்குலேற்றரை எடுத்தவன் என்பதையும் சொல்லிவிட்டேனே. சொல்ல வருவது இதுதான். வீட்டில் எண்ணெய் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அந்த இரவு எப்போதாவது வரும். தன் மெசினுக்கு வேண்டிய அளவை வைத்திருப்பது தொழில் ஏற்பாடு. அடுத்தவரின் முட்டுப்பாட்டுக்காகக் காத்திருந்து வைத்திருப்பது பதுக்கல். பரல் ஒன்றுதான், எண்ணெயும் ஒன்றுதான், நோக்கம்தான் வேறு. மார்க்கம் பதுக்கலைத் தடுத்திருக்கிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அனுமதிப்பத்திரம் இல்லாமல் எரிபொருள் விற்பது நாட்டுச் சட்டப்படியும் குற்றம். தட்டுப்பாட்டுக் காலத்தில் வீட்டுச் சோதனை வந்தால், “இது என் மெசினுக்கு” என்று சொல்ல உங்களிடம் என்ன அத்தாட்சி இருக்கிறது? அப்போதும் அந்தக் கொப்பிதான் பேசும்.

ஆகவே என்னுடைய ஆலோசனை இதுதான். ஒரு மெசின் வைத்திருப்பவர் ஒரு பரலுக்கு மேல் வைக்க வேண்டாம். 200 லீற்றர் என்பது நான்கு, ஐந்து நாள் உழவுக்குச் சரி, அது போதும். கூடுதலாக வைக்க வேண்டிய தேவை இருப்பவர் முதலில் பிரதேச செயலகத்தில் விசாரித்து, அனுமதி தேவையென்றால் எடுத்துக்கொள்ளட்டும். விலை கூடப்போகிறது என்ற கதையைக் கேட்டுக் கடன் வாங்கி எண்ணெய் நிரப்ப வேண்டாம். விலை இறங்கும் மாதமும் வருகிறது. அப்போது கூடிய விலைக்கு வாங்கிய எண்ணெயைத்தான் எரிக்க வேண்டியிருக்கும். வெட்டுத் தொடங்க ஒரு வாரத்துக்கு முன் பரலை நிரப்புங்கள், போகம் முடியும்போது வற்றச் செய்யுங்கள்.

ஒரு பரல், ஒரு கைப்பம்ப், ஒரு வலைப் புனல், கோடு போட்ட ஒரு தடி, ஒரு கொப்பி. இவ்வளவுதான் முதலீடு. இந்தப் பெரும்போகத்துக்கு முன் உங்கள் வீட்டு முற்றத்துக்குப் போய், எண்ணெய் எதில் இருக்கிறது, எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். மூன்று கேள்விக்கும் உடனே பதில் வந்தால் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர். வராவிட்டால் இன்றைக்கே ஒரு கொப்பி வாங்குங்கள். கொப்பியிலிருந்து தொடங்கினால் மற்றவை தானாக வரும்.